பின்சீட்டிலிருந்து தொடங்குங்கள்: சிறிய காரின் வசதியை எடைபோடுவது எப்படி?

என் முதல் காரைப் பதினைந்தே நிமிடத்தில் முடிவு செய்தேன். ஷோரூம்காரர் சாவியைக் கொடுத்தார். அகலமான சாலையில் ஒரு சுற்று ஓட்டினேன். ஏசி குளிர்ந்தது, ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பியது, முன்பணம் கட்டிவிட்டேன். கார் வீட்டுக்கு வந்த அன்று மாலை, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகப் பின்கதவைத் திறந்தேன். அவருக்கு முழங்கால் வலி. முதலில் குனிந்து நுழையப் பார்த்தார், முடியவில்லை. பிறகு திரும்பி நின்று உட்காரப் பார்த்தார். இருக்கை அவர் எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. தொப்பென்று விழுந்தார். போய் வந்தபின், “வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை நான் ஆட்டோவிலேயே வந்துவிடுகிறேன்” என்றார்.

அந்தக் காரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நால்வர் போகிற வண்டியை ஒருவர் இருக்கையில் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்கியவன் நான். மைலேஜ், குதிரைத்திறன், தவணை ஆகியவற்றைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஹேட்ச்பேக் எனப்படும் ஒரு சிறிய கார் உடம்புக்கும் வீட்டுக்கும் ஒத்துவருமா என்பதை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான்கு மீட்டர் பெட்டி

ஹேட்ச்பேக் என்றால், பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராத கார். பின்கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் ஒரே கதவு, அதற்குள் சாமான் இடம். மனிதர்களும் மூட்டைகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். இந்தியாவில் இந்த வகைக் கார்கள் இவ்வளவு பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் (டீசல் என்றால் 1,500 சிசி) கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று மாறியபோதும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே நின்றது. மாருதியின் பலேனோ காரின் நீளம் 3,990 மில்லிமீட்டர். மீதி 10 மில்லிமீட்டரை யாருக்காக விட்டுவைத்தார்கள் என்று இப்போது புரியும்.

ஆக, நீளம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் இடத்தை எப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் ஒரு காருக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு. இந்தப் பங்கீட்டைப் பெரிய கலையாக ஆக்கியவர் பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் தள்ளினார், சக்கரங்களை 10 அங்குலமாகச் சுருக்கினார். மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய காரில் ஏறக்குறைய எண்பது சதவீத இடம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. இன்று நம் தெருவில் நிற்கும் பெட்ரோல், டீசல் ஹேட்ச்பேக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் என்ஜின் குறுக்காகத்தான் படுத்திருக்கிறது.

இடம் மேலே இருக்கிறது

முதல்முறை வாங்குபவர்கள் நீளத்தைப் பார்க்கிறார்கள். நான் உயரத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரே நிறுவனமான மாருதியின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்டின் நீளம் 3,860 மி.மீ., வேகன்ஆரின் நீளம் 3,655 மி.மீ. எட்டு அங்குலம் குட்டையான காரில் இடம் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது வீல்பேஸ், ஸ்விஃப்டில் 2,450, வேகன்ஆரில் 2,435. வெறும் 15 மி.மீ. வித்தியாசம். ஆட்கள் உட்காருவது இந்த இரு சக்கரங்களுக்கு நடுவில் என்பதால், நீளத்தைவிட வீல்பேஸ்தான் பயணிக்கு உரிய அளவு. டிக்கியிலோ நிலைமை தலைகீழ்: குட்டைக் காருக்கு 341 லிட்டர், நீளமான காருக்கு 265 லிட்டர். காரணம் உயரம். வேகன்ஆர் 1,675 மி.மீ., ஸ்விஃப்ட் 1,520 மி.மீ.

உயரம் கூடினால் தலைக்குமேல் காற்று கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். விஷயம் அது மட்டுமில்லை. தாழ்வான காரில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார வேண்டும். அப்படி உட்கார நீளம் செலவாகும். உயரமான காரில் நாற்காலியில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்காரலாம். முழங்கால் மடிந்து கீழே இறங்கிவிடும், நீளம் மிச்சமாகும். திண்ணையில் உட்காருபவருக்கும் பாயில் உட்கார்ந்து காலை நீட்டுபவருக்கும் எவ்வளவு தரை வேண்டும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானின் ‘கெய்’ வகைக் குட்டிக் கார்களுக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். நீளமும் அகலமும் கட்டப்பட்டுவிட்டதால் அங்கே கார்கள் வானத்தை நோக்கி வளர்ந்தன. 1993-இல் அங்கே பிறந்த வேகன்ஆர் 1999-இல் இங்கே வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ இந்த உயரமான ‘டால்பாய்’ வடிவத்தை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். உள்ளே ஏறி இறங்கிய தாத்தா பாட்டிகள் சிரிக்கவில்லை.

ஏறி இறங்கும் வசதியை வடிவமைப்பாளர்கள் எச்-பாயின்ட் என்ற ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு இருக்கும் புள்ளி. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே ஏறுவதும் இறங்குவதும் எளிதாகவோ கடினமாகவோ ஆகின்றன. நிற்கும்போது இடுப்பு இருக்கும் உயரத்துக்கு அருகில் இருக்கை இருந்தால், பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்துவிடலாம். மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால் முழு உடலையும் தாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். எழும்போது அதே எடையைத் தூக்க வேண்டும். மிக உயரமாக இருந்தால் ஏணி ஏறுவதுபோல் ஏறவேண்டிவரும். அம்மா ஏன் ஆட்டோவை நினைத்தார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது: இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கை, தட்டையான தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, குனிந்து நுழையக் குறுகிய கதவில்லை. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டிலேயே முழங்கால் பலவீனமானவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். சேலை கட்டுபவர் என்றால் சேலையோடு. கதவின் அடிப்படி உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிவைப்பது எவ்வளவு தொல்லை என்பது அப்போதுதான் தெரியும். மேலே பிடிமானக் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைந்த வகைகளில் இதைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். பெரிய திரை வேண்டுமென்று ஏங்குபவர்கள் இந்தச் சின்னக் கைப்பிடி இல்லாததைக் கவனிப்பதே இல்லை.

கதவு எவ்வளவு விரிகிறது என்பதும் முக்கியம். அல்ட்ரோஸின் கதவுகள் 90 பாகை வரை திறக்கும் என்று டாடா விளம்பரம் செய்வது காரணத்தோடுதான். ஆனால் அந்த வசதி முழுமையாகக் கிடைக்கப் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும். அதைப் பிறகு பேசுவோம்.

உங்களுக்குப் பின்னால் நீங்களே

உங்கள் வீட்டில் யார் அதிகம் ஓட்டுவார்களோ, அவருக்கு ஏற்றபடி முன்னிருக்கையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கிளட்சை முழுவதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். பிறகு அந்த இருக்கையைத் தொடாமல், அதே ஆள் அதற்குப் பின்னாலுள்ள இருக்கையில் போய் உட்கார வேண்டும். ஷோரூமில் முன்னிருக்கையை முன்னால் தள்ளிவைத்துப் பின்சீட்டைத் திறந்து காட்டினால் எந்தக் காரும் மாளிகையாகத் தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

உட்கார்ந்ததும் நான்கு இடங்களை மனத்தில் தொட்டுப் பாருங்கள். முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையில் நான்கு விரலாவது இருக்கிறதா? பாதம் முன்னிருக்கைக்குக் கீழே நுழைகிறதா? இது முழங்கால் இடத்தைவிட மதிப்புள்ளது. பாதம் உள்ளே போனால் கால் தானாக நீளும். தலைக்கும் கூரைக்கும் நடுவில் உள்ளங்கை நுழைய வேண்டும். கூரை பின்பக்கம் சரியும் கார்களில் இதுதான் முதலில் அடிபடும். கடைசியாகத் தொடை. இருக்கை தரையோடு தாழ்ந்திருந்தால் முழங்கால் மேலே எழும்பும், தொடை மெத்தையை விட்டு விலகும், உடல் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். பத்து நிமிடத்தில் இது தெரியாது. திருச்சி தாண்டியதும் தெரியும். அதனால் வெட்கப்படாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். விற்பனையாளர் தேநீர் கொடுத்தால் அதையும் அங்கேயே குடியுங்கள்.

நடு இருக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒரு பெரியவரின் தோள் அகலம் சுமார் 45 செ.மீ. மூவருக்கு 135. ஆல்டோ கே10-இன் வெளி அகலமே 149 செ.மீ.தான், அதில் கதவுகளின் தடிமனுக்கு 30 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஐந்து பேர் என்று பதிவுச் சான்றிதழில் இருக்கும். நான்கு பெரியவர், ஒரு குழந்தை என்று படித்துக்கொள்ளுங்கள்.

லிட்டர் கணக்கும் அரிசி மூட்டையும்

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கிறார்கள். தண்ணீரை ஊற்றி அளப்பதில்லை. பரவலாக இருக்கும் முறையில் 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரமுள்ள கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை அடங்குகிறதோ அத்தனை லிட்டர். செங்கல் அளவுக்குக்கூட இல்லாத கட்டை எந்த மூலையிலும் நுழைந்துவிடும். உங்கள் பெட்டி நுழையாது. இரு கார்களுக்கும் 260 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், ஒன்றில் பெட்டி படுக்கும், இன்னொன்றில் சக்கர மேடு இடித்து நிற்கும். எனவே விமானத்தில் ஏற்றும் அளவுள்ள ஒரு பெரிய பெட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். குழந்தை இருந்தால் அதன் தள்ளுவண்டியையும் மடித்து எடுத்துப் போங்கள். ஷோரூமில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கொள்ளளவைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது டிக்கியின் விளிம்பு. சாமானை அந்த விளிம்புக்கு மேலே தூக்கி, பிறகு உள்ளே குழிக்குள் இறக்க வேண்டும். எடுக்கும்போது குழியிலிருந்து தூக்க வேண்டும். நம் ஊரில் இதற்குச் சரியான அளவுகோல் அரிசி மூட்டை. (25 கிலோ வரையுள்ள சிப்பத்துக்கு 2022-இல் ஜிஎஸ்டி வந்ததும், அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கிவிட்டன. கார் 4 மீட்டருக்குக் கீழே சுருங்கியது, மூட்டை 25 கிலோவுக்கு மேலே வளர்ந்தது. வரிக்கோட்டைப் பார்த்து நடப்பதில் இரண்டும் ஒன்றுதான்.) அந்த 26 கிலோவை விளிம்பைத் தாண்டித் தூக்க உங்கள் இடுப்பு சம்மதிக்கிறதா என்பதுதான் கேள்வி.

பின்சீட்டை மடிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மொத்தமாக மடிகிறதா, 60:40 என்று பிரிந்து மடிகிறதா என்று கேளுங்கள். பிரிந்து மடிந்தால் ஒரு பக்கம் நீளமான பொருளை வைத்து, மறுபக்கம் ஒருவரோ இருவரோ உட்காரலாம். மொத்தமாக மடிந்தால் அலமாரி வாங்கப் போன மனைவியையும் பிள்ளையையும் பஸ்ஸில் அனுப்ப நேரும்.

சிஎன்ஜி வாங்க நினைப்பவர்கள் தனியாக ஒருமுறை டிக்கியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். வழக்கமான சிறிய காரில் 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே சிலிண்டர் டிக்கியின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சுற்றியிருக்கும் சந்துகளில் காய்கறிப் பை வைக்கலாம். டாடா 2023-இல் அல்ட்ரோஸில் இதற்கு ஒரு வழி கண்டது: 30 லிட்டராக இரண்டு சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் படுக்கவைத்து, ஸ்டெப்னியை வண்டிக்கு அடிப்பக்கம் தள்ளிவிட்டார்கள். டிக்கி மீண்டது. பஞ்சரானால் தரையில் குனிந்து ஸ்டெப்னியை இறக்க வேண்டும். எதையும் இலவசமாகத் தருவதில்லை.

காலி வண்டி சொல்லும் பொய்

பெரும்பாலான சிறிய கார்களின் எடை 800 முதல் 950 கிலோ. நான்கு பெரியவர்களும் அவர்களுடைய பைகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 கிலோ. காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு! பெரிய காருக்கு இந்த விகிதம் மிகக் குறைவு. சிறிய காரின் ஸ்பிரிங்குகளை வடிவமைப்பவருக்கு இதுவே பெரிய தலைவலி. 300 கிலோவைத் தாங்கும்படி விறைப்பாக வைத்தால், ஒருவர் மட்டும் ஓட்டும்போது வண்டி குதிக்கும். மென்மையாக வைத்தால், நால்வர் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, வேகத்தடையில் அடிவயிறு உரசும். ஒவ்வொரு நிறுவனமும் நடுவில் எங்கோ ஒரு சமரசம் செய்திருக்கிறது. தனியாக ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்தச் சமரசத்தின் ஒரு பாதிதான் தெரியும். ஆகவே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். பிறகு வேறொருவரை ஓட்டச்சொல்லிப் பின்சீட்டில் நீங்கள் உட்காருங்கள். ஹேட்ச்பேக்கில் பின்சீட்டு பின்சக்கர அச்சுக்கு வெகு அருகில் இருப்பதால், குழியின் அடி அங்கேதான் அதிகம்.

குறைந்த வீல்பேஸும் தன் பங்குக்கு ஆட்டுகிறது. 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்சக்கரம் விழுந்த அதே குழியில் பின்சக்கரம் 0.22 நொடியில் விழும். முன்பக்கம் எழும்பி அடங்குவதற்குள் பின்பக்கம் எழும்பும். தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடும் இந்த ஆட்டம் சிலருக்கு வாந்தியை வரவழைக்கும். இந்திய சாலைப் பேரவை வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், மெல்ல எழும்பி மெல்ல இறங்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பது அப்படியா, இல்லை இரவோடிரவாக யாரோ கட்டிய சிமெண்ட் வரப்பா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த வரப்பின்மேல் ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவை வீட்டுக்கு வரவழைக்க இதுவே போதுமான காரணம்.

டயரையும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். 165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ.; உள்ளே இருக்கும் சக்கரம் 14 அங்குலம். 195/55 ஆர்16 என்று கணக்கிட்டால் பக்கச்சுவர் 107 மி.மீ.தான். அந்தப் பக்கச்சுவர் காற்று நிரம்பிய மெத்தை. மெத்தை மெலிந்தால் குழி நேரே முதுகுக்கு வரும். விலை கூடிய வகையில் பெரிய அலாய் சக்கரம் தருவார்கள். பார்க்க அழகு. அதே காரின் நடுத்தர வகையில் சிறிய சக்கரம் இருந்தால், மோசமான சாலைக்காரர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

உயரமான காரைப் புகழ்ந்தேன் அல்லவா, அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு லாரியோ ஆம்னி பஸ்ஸோ விரைந்து கடக்கும்போது உயரமான, எடை குறைந்த கார் காற்றில் நகர்ந்து தள்ளாடும். வளைவில் அதிகம் சாயும். மாதம் நான்கு முறை சென்னையிலிருந்து மதுரைக்கு ஓட்டுபவர் என்றால் தாழ்வான, அகலமான காரைப் பாருங்கள். ஊருக்குள் மருத்துவமனை, பள்ளி, சந்தை, கோயில் என்று திரிபவருக்கு உயரமே மேல்.

மற்ற சில

ஏசியைச் சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, வெளியே நின்று கொதித்த காரில் சோதியுங்கள். பின்னால் தனி ஏசி துளை இல்லாத கார்களில் முன்னால் இருப்பவர் நடுங்குவார், பின்னால் இருப்பவர் விசிறிக்கொள்வார். நால்வரோடும் ஏசியோடும் ஒரு மேம்பாலத்தை இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறிப் பாருங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே முன்னோட்டம். மூன்று சிலிண்டர் என்ஜின் நின்ற இடத்தில் சற்று அதிகம் அதிரும். சிக்னலில் நிற்கும்போது கியர் தண்டின்மேல் கையை வைத்தால் தெரியும். எனக்கு அது தொந்தரவில்லை, என் மனைவிக்குத் தலைவலி. உயரம் குறைந்தவர் ஓட்டுவதாக இருந்தால், கிளட்ச் எட்டும்படி இருக்கையை நகர்த்திய பிறகும் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ. மிஞ்ச வேண்டும்; ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. இருக்கையின் உயரத்தைக் கூட்டும் வசதி உள்ள வகையை எடுங்கள். பின்கண்ணாடிக்கு வைப்பர் வேண்டும். ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் வெட்டினாற்போல் செங்குத்தாக இருப்பதால், காற்று அங்கே சுழன்று சேற்றையும் தூசியையும் கண்ணாடியில் அப்பும்.

கடைசியாக, ஷோரூமுக்குப் போகும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போங்கள். அடுக்குமாடிகளில் ஒரு காருக்கு வழக்கமாகக் கொடுக்கும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நீளத்தில் எந்த ஹேட்ச்பேக்கும் தாராளமாக நிற்கும். அகலத்தைக் கணக்கிடுங்கள். ஸ்விஃப்டின் அகலம் 1,735 மி.மீ. இருபுறமும் சேர்த்து மிஞ்சுவது 76 செ.மீ., நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 38. வேகன்ஆரின் அகலம் 1,620 என்பதால் பக்கத்துக்கு 44. இடுங்கிய இடத்தில் இந்த ஆறு சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் தூண் வந்துவிட்டால் இந்தக் கணக்கும் போயிற்று. எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் அகலமான ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். கார் அழகாக உள்ளே போகிறது, கதவுதான் திறப்பதில்லை. அவருடைய தாயார் தினமும் மழையோ வெயிலோ வாசலிலேயே இறங்கிக்கொள்கிறார். எதிர்வீட்டுக்காரர் மட்டும் காரை உள்ளே விட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருகிறார்.